கைரேகை வைத்த பிறகு

“காலையில் வார்டு ஆபீஸில் எல்லோரும் கைரேகை வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அப்புறம் நம் தெருவுக்கு மட்டும் ஏன் ஆளே வருவதில்லை? வந்தாலும் அந்தக் கொய்யாப்பழ அம்மாவின் வண்டியை மட்டும் ஏன் தூக்குகிறார்கள்?” டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒரே மூச்சில் கேட்டாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது வருகை பற்றியது. இரண்டாவது, வந்த ஆள் என்ன செய்கிறார் என்பது பற்றியது. நகர நிர்வாகங்கள் முதல் கேள்விக்கு இயந்திரம் வாங்கி மாட்டிவிட்டு, இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று இருந்துவிடுகின்றன. எனக்கு வருத்தம் அங்கேதான். உட்காருங்கள், டீ வரட்டும், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுபவர்கள், குப்பை கொட்டினால் அபராதச் சீட்டு கிழிப்பவர்கள், தடை செய்த பிளாஸ்டிக் பைகளைக் கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்பவர்கள். எல்லோருமே மாநகராட்சிக்காகவோ நகராட்சிக்காகவோ வேலை பார்ப்பவர்கள். காக்கிச் சட்டை கிடையாது. ஆனாலும் ஒருவரின் அன்றைய பிழைப்பை அரைமணி நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிடும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது.

வருகைப் பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தில்லி மாநகராட்சி 2008-இல் கைரேகைப் பதிவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், சம்பளப் பட்டியலில் இருக்கும் 22,853 பேருக்கு ஆளே இல்லை என்று மேயரே அறிவித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி ரூபாய் அந்தப் பெயர்களின் கணக்கில் போய்க்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்டது. மேஸ்திரி கையில் மஸ்டர் ரோலைக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் கையெழுத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குமாஸ்தா கைரேகை வைத்தால் அதே கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். தெருப் பணியாளர் கைரேகை வைத்த அடுத்த நிமிடம் வெளியே போயாக வேண்டும், அவருடைய வேலையே வெளியில்தான். ஆக, இயந்திரம் சொல்வது அவர் ஏழு மணிக்கு ஆபீஸ் வாசலில் நின்றார் என்பதை மட்டுமே. எட்டு மணிக்கு எந்தத் தெருவில் இருந்தார் என்று அதற்குத் தெரியாது.

“அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே, இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போச்சு” என்பீர்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் அதைத்தான் செய்தார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளி பணிகளைத் தவிர மற்ற எல்லா வேலைத் தளங்களிலும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறுகின்றன, பழைய படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் பதிவேட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போவதில்லை என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். படத்தை எடுத்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் படத்தால் ஆவது ஒன்றுமில்லை.

இதைவிட ஆழமான பாடம் ஒன்று ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலிருந்து வந்தது. கிராமத் துணை சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் வருவதே இல்லை என்ற குறை அங்கே நெடுநாளாக இருந்தது. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் மாவட்ட சுகாதார நிர்வாகமும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. கண்காணிப்பு நாட்களில் செவிலியர் தேதியும் நேரமும் அச்சாகும் கருவியில் ஒரு நாளைக்கு மூன்று முறை முத்திரை பதிக்க வேண்டும். அந்த நாட்களில் பாதிக்கு மேல் வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் மூவரும் இதை அளந்து 2008-இல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் கண்காணிப்பு உள்ள நிலையங்களில் வருகை மற்றவற்றைப் போல இரு மடங்கு இருந்தது. பதினாறு மாதம் போனதும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று.

முக்கியக் காரணம் கருவியில் இல்லை. செவிலியர்கள் ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மேலதிகாரிகள் ‘விலக்கு நாள்’ கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் கூட்டம், நாளைக்குக் கணக்கெடுப்பு, அடுத்த நாள் வேறு பணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாள் கணக்கில் சேராது. சம்பளப் பிடித்தம் என்ற விதி காகிதத்தில் அப்படியே இருந்தது, அதைச் செல்லாமல் ஆக்கும் பேனா மேலதிகாரியின் சட்டைப் பையில் இருந்தது.

நம் ஊர் ஆபீஸ்களில் இதை ‘ஓடி’ (ஆன் டியூட்டி) என்போம். வெளிப்பணிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் ஆள் எங்கே இருந்தாலும் பணியில் இருந்ததாகத்தான் கணக்கு. எனவே, தெருப் பணியாளரின் வருகையைச் சரிபார்க்க விரும்புகிற ஆணையர் கைரேகை அறிக்கையைவிட இந்தப் பதிவேட்டைத்தான் முதலில் வரவழைக்க வேண்டும். ஒரு மாதத்தில் யார் எத்தனை ஓடி கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அது மூலை திரும்புவதற்குள் சிலருடைய செல்போன் அடிக்கும்: “வண்டி வருது.” மாமூல் கொடுப்பவர்களின் தள்ளுவண்டிகள் சந்துக்குள் போய்விடும். அந்தப் போன் வராதவர் மாட்டிக்கொள்வார். அவருடைய எடை மிஷின், குடை, கீழே விரித்த தார்ப்பாய், மேலே அடுக்கிய கொய்யா எல்லாம் லாரி மேல் போகும். காலியான நடைபாதையை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். வருகை முழுமை, பணி முழுமை, படமும் இருக்கிறது. அந்த அம்மாவின் எடை மிஷின் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு மட்டும் எந்தப் பதிவும் இல்லை.

அதற்குப் பதிவு இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, பறிமுதல் செய்யும் பொருட்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பறிமுதல் செய்தவர் கையெழுத்திட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். வியாபாரி கட்டணம் கட்டித் திரும்பக் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு 18-ஆவது பிரிவு 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. கையெழுத்துப் போட்ட அந்த ஒற்றைத் தாள், ஊழியர் இன்ன தேதியில் இன்ன தெருவில் இருந்தார் என்பதற்கும் அத்தாட்சி, என்ன செய்தார் என்பதற்கும் அத்தாட்சி. அதன் ஒரு பிரதி ஆபீஸுக்கு வெளியே, பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது. எந்த மேலதிகாரியின் பேனாவும் அதைத் திருத்த முடியாது. வருகைக் கண்காணிப்புக்கு நான் ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால், கார்பன் தாள் வைத்த பறிமுதல் புத்தகத்தைத்தான் வாங்குவேன்.

அபராத வசூலை வைத்து உழைப்பை அளந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மும்பையில் தூய்மை மார்ஷல்கள் என்ற பெயரில் தனியார் நிறுவன ஆட்களை அபராதம் போட விட்டார்கள், வசூலில் பாதி நிறுவனத்துக்கு. மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்ற புகார் ஓயாமல் வந்தது, 2025 ஏப்ரலில் மாநகராட்சி அந்த ஏற்பாட்டை நிறுத்தியது. அபராதம் போடுபவருக்கு அந்த அபராதத்தில் பங்கு இருக்கவே கூடாது.

இனி ஒழுங்கு நடவடிக்கை. தமிழக அரசு அலுவலகங்களில் ஒழுங்கு விதி 17(ஏ), 17(பி) என்று சொன்னாலே முகம் மாறும். முதலாவதில் விளக்கம் கேட்டுக் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனை. இரண்டாவதில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அதிகாரி, சாட்சிகள், கடைசியில் வேலையே போகலாம். உள்ளாட்சி நிரந்தர ஊழியர்களுக்கும் இந்த வகையிலேயே விதிகள் இருக்கின்றன. ஆனால் அதே லாரியில் பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு விசாரணையும் இல்லை, விளக்கமும் இல்லை. “நாளையிலிருந்து வராதே” என்ற ஒரு வாய்ச்சொல்தான். தவறு செய்யச் சொன்னவர் நிரந்தரமானவராகவும், செய்தவர் ஒப்பந்தக்காரராகவும் இருந்தால் யார் தப்பிப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு ஆனாலும் இது என் மனதை உறுத்துகிற விஷயம்.

பெரிய தண்டனைக்கு சாட்சி வேண்டும். வியாபாரி சாட்சி சொல்ல வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். மறுநாள் அதே நடைபாதையில் அதே ஆட்களின் முகத்தில் விழித்தாக வேண்டும். அவர் வராததைச் சாட்சியம் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். பட்டியல் நகல் அவர் கையில் இருந்தால், அவர் வாய் திறக்காமலேயே அந்தத் தாள் பேசும். பட்டியலே கொடுக்காமல் பொருளைத் தூக்கியிருந்தால் அதுவே தனி விதிமீறல்.

இதைக் கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தலைவர் ஆணையரே. மாதாந்திரப் பறிமுதல் பட்டியல்களை அந்தக் குழுவின் மேசையில் வைக்கச் சொல்லலாம். உங்கள் ஊரில் குழு கூடுவதே இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். சென்ற மாதம் உங்கள் வார்டில் லாரி எந்தெந்த நாள் வந்தது என்ற வண்டிப் பதிவேடு, அந்த நாட்களின் பறிமுதல் பட்டியல், கிடங்கில் பொருள் வரவு வைத்த பதிவேடு ஆகிய மூன்றின் நகல்களையும் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வந்ததும் தேதி தேதியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாரி வந்து பட்டியல் இல்லாத நாட்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதிகளோடு அடுத்த மனுவை ஆணையருக்கே எழுதுங்கள்.