நடையும் துடுப்பும் – 9: லக்கலையின் பாறையிடுக்குகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் இருக்கும் பக்ஸ்கின் இடுக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பிளவில், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் இடங்கள் உண்டு. அப்படியொன்று நம் இலங்கையில் இருக்கிறதா? பாலைவனம் நமக்கு இல்லை. ஆனால் பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் ஆறுகள் உண்டு. அவற்றைத் தேடிப் போகிறவர் மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், லக்கலைக்குத்தான் போக வேண்டும்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, அங்கிருந்து ரிவர்ஸ்டன் கணவாய், பிறகு இலுக்கும்புர வழியாகப் பல்லேகமப் பக்கம். பஸ் ஓடும் ரோட்டுதான் என்றாலும் ரிவர்ஸ்டனில் இறங்கி நடந்து பார்த்தால்தான் இந்த மலையின் குணம் விளங்கும். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, கணவாயைத் தாண்டும்போது ஈரம் வற்றிய முரட்டுக் காற்றாக மாறிவிடுகிறது. ஆடி மாதத்தில் ரத்தோட்டைப் பக்கம் குடை, இலுக்கும்புரப் பக்கம் புழுதி. கிழக்குச் சரிவுக்கு மழை முக்கியமாக மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. ஒரே மலையின் இரண்டு முகங்களுக்கு இரண்டு மழைக்காலம். நடக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது எந்த மாதம் என்பதைத்தான். எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அப்புறம்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் பிடவல பத்தன. பாறை மேல் படிந்த மெல்லிய மண், அதில் குட்டைப் புல். நடந்துகொண்டே இருக்கையில் தரை சட்டென்று முடிந்து, கீழே பள்ளத்தாக்கு திறக்கிறது. இந்த விளிம்பைச் ‘சின்ன உலக முடிவு’ என்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் புல்வெளியின் ஓரத்துச் சின்ன ஓடைகள்தான் பெரிது. ஈரம் கசியும் பாறைமுகத்தில் கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இந்த நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத்தவளை அங்கே இருக்கிறது. பாறை வெடிப்புக்குள் நுழையத் தோதாக உடம்பு தட்டையாகியிருக்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் குட்டையில் நீந்துவதில்லை. கல் மேல் வழியும் ஒரு படலத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கின்றன. ஒருவர் கவனமில்லாமல் காலை வைத்துச் சறுக்கினால் ஓர் ஈட்டுக் குஞ்சுகளே போய்விடும். ஆகவே ஓடையைக் கடக்கும்போது ஈரப்பாறையை விட்டு உலர்ந்த கல்லில் கால் வையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

யூட்டாவின் இடுக்குகள் மணற்கல்லில் அமைந்தவை. எப்போதோ ஒருமுறை வரும் வெள்ளம், மணலையும் கல்லையும் அரமாக்கிக் கீழ்நோக்கி அறுக்கிறது. வறண்ட நிலமாதலால் சுவர்கள் இடிந்து அகலும் முன்பே ஆழம் கூடிவிடுகிறது. நம் மலையோ நைஸ், குவார்ட்சைட் போன்ற உருமாறிய கடும்பாறை. இங்கே தண்ணீர் நினைத்த இடத்தில் அறுக்க முடியாது. பாறையில் முன்பே உள்ள வெடிப்பைத் தேடி அதன் வழியே இறங்குகிறது. ஆண்டு தவறாத மழையும் மரவேரும் சுவர்களை உடைத்து அகலப்படுத்திக்கொண்டே இருக்கின்றன. அதனால் நமக்குக் கிடைப்பது குறுகிய குடைவுகள், கல் சுழன்று தோண்டிய கிடாரக் குழிகள், அருவிக்குப் பின்னால் குகை. சேர எல்ல அருவி இதற்கு நல்ல சாட்சி. விழும் தண்ணீருக்குப் பின்னாலுள்ள குகையில் நின்று வெளியே பார்க்கலாம்.

ஆபத்து மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி அரிசோனாவின் அன்டிலோப் இடுக்குக்குள் நின்ற 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை இல்லை. மேலே, பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்தது. இங்குள்ள தெல்கமு ஓயாவும் இப்படித்தான். குளிக்க வருகிறவர்கள் தலைக்கு மேல் வெயிலைப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். முன்பு ஏலக்காய்க் காட்டில் வேலை செய்த ரத்தோட்டைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது இது: “மலை கறுத்துச்சுன்னா ஓயாவுல காலை வைக்காதீங்க ஐயா. தண்ணி கலங்கி வந்தா, இலை செத்தை மிதந்து வந்தா, யோசிக்கவே கூடாது, மேல ஏறிரணும்.” வானிலை அறிவித்தலையும் கேளுங்கள், இவரையும் கேளுங்கள்.

அவரைப் போன்றவர்களின் கால் பட்டுத்தான் இந்தக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள் உண்டாயின. மர நிழலில் ஏலச்செடி நட்டார்கள்; காயை உலர்த்த விறகும் காட்டிலேயே வெட்டப்பட்டது. அதனால் காடு மெலிந்தது உண்மை. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. காட்டைக் காத்தது சரி. ஆனால் பாதையை அறிந்த அந்த மனிதர்களின் பெயர் எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. அவர்களின் முன்னோர் மன்னாரிலிருந்து வறண்ட காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அந்த நினைவாகத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். இந்த மாவட்டத்தில் நடையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது.

இனித் துடுப்பு. முதுகுப்பையில் சுருட்டி வைக்கும் காற்றுப் படகு புதுச்சரக்கு அல்ல. பீட்டர் ஹல்கெட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி 1840களிலேயே மேலங்கியாகப் போர்த்திக்கொள்ளக்கூடிய ரப்பர் துணிப் படகைச் செய்தார். ஆய்வுப் பயணி ஜோன் ரே அந்தப் படகை வட கனடாவின் பயணங்களில் பயன்படுத்தினார். இன்றைய பூச்சிட்ட நைலோன் படகு இரண்டிலிருந்து நான்கு கிலோ. துடுப்பு துண்டு துண்டாகக் கழலும். ஊதப் பம்பும் தேவையில்லை. வாய் அகன்ற ஒரு பையில் காற்றை அள்ளி, வாயைச் சுருட்டி, அமுக்கி அமுக்கிப் படகுக்குள் தள்ளுவார்கள். இறுதியில் வாயால் ஊதி இறுக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் காற்று சுருங்கிப் படகு தளரும். மறுபடி ஊதியே ஆக வேண்டும். இதை மறந்தால் நடு நீரில் படகு மடங்கும்.

லக்கலையில் இந்தப் படகுக்கு வேலை வந்தது அணைகளால். அம்பன் கங்கையின் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017இல் நிரம்பத் தொடங்கியது, 24.8 கோடி கன மீட்டர் கொள்ளும் களு கங்கை நீர்த்தேக்கம் 2018இல். முன்பு வயல் வரப்பில் நடந்து மலையடியை எட்டிய இடங்களில் இன்று தண்ணீர் நிற்கிறது. பழைய பல்லேகமவும் அதன் ரோட்டும் அடியில். ஓடைகள் நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் முனைகளுக்குக் கரையோரக் காட்டைச் சுற்றிப் போவதைவிட நீர்மேல் போவதே நேர்வழி. மூழ்கிய மரங்களின் கூர்க்கட்டைகள் படகைக் கிழிக்கும். கணவாய்க் காற்று அலையைக் கிளப்பும். மொரகஹகந்த பக்கம் மாலையில் யானை தண்ணீருக்கு வரும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறவே கூடாது. காட்டுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், நீருக்கு மகாவலி அதிகார சபையிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

யூட்டாவிலும் இதே கதைதான். 1963இல் கிளென் கன்யன் அணை மூடப்பட்டதும் பவெல் ஏரி எழும்பி, எத்தனையோ பக்க இடுக்குகளை விழுங்கியது. வறட்சியில் ஏரி இறங்கியபோது அவற்றில் சில திரும்ப வெளியே வந்தன. காற்றுப் படகைச் சுமந்துகொண்டு ஆட்கள் அங்கே போகிறார்கள். அங்கே வெளிவந்தது பெரும்பாலும் கல். இங்கே அடியில் கிடப்பது தலைமுறை தலைமுறையாக நெல்லும் சேனையும் செய்த குடிகளின் நிலம். அவர்கள் புதிய லக்கலை நகரத்திலும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். படகை இறக்கும் முன் அங்கே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, எந்த வயல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓடையின் பெயரையும், அது எந்த மழையில் பெருகும் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள்.

களு கங்கையின் தண்ணீர் மலைச் சுரங்கம் வழியாக மொரகஹகந்தவுக்குப் போகிறது. அம்பன் கங்கையில் அதற்கும் கீழே பழங்கால எலஹெர அணைக்கட்டு இருக்கிறது. மின்னேரியாவுக்கு நீர் திருப்பும் கால்வாய் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கால்வாய்க் கரையில் அடுத்த வாரம் நடப்போம்.