பாட்டில் வாங்கப் போன அப்பா!

‘‘சாயங்காலம் ஒரு பாட்டில் வாங்கணும்’’ என்று ஆபீஸில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்து ஸீட்காரர் சட்டென்று ஃபைலை மூடினார். ‘‘ஹாஃபா, ஃபுல்லா?’’

‘‘125 மில்லி சார். குழந்தைக்கு.’’

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அரியர்ஸ் கிடையாது என்று சர்க்குலர் வந்த மாதிரி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். என் மனைவிக்கு மாம்பலத்தில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மொத்தமே எட்டு பேர். சட்டப்படி முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. ஆனால், பத்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற ஆபீஸ் பக்கம் அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. ‘‘மூணு மாசம் எடுத்துக்கோம்மா. அதுக்கு மேல எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி’’ என்றார் முதலாளி. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

காலை எட்டேகாலுக்கு குரோம்பேட்டையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால், திரும்பி வர ராத்திரி ஏழு. தாய்ப்பாலையே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவது, பகலில் என் மாமியார் புகட்டுவது என்று முடிவாயிற்று. எதில் புகட்டுவது என்கிற இலாகா மட்டும் என் தலையில்.

‘‘மாப்ள, பீரோவுல மூணு வெள்ளிச் சங்கு இருக்கே...’’ என்று ஆரம்பித்தார் மாமியார்.

பேர் வைத்த அன்று சொந்தக்காரர்கள் கொடுத்தவை. ‘‘அதெல்லாம் அந்தக் காலம் அத்தை!’’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. (பேசியிருக்கலாம்.)

மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முன்னால் மைலேஜ், பிக்கப், ரீசேல் என்று ஆறு பேரைக் கேட்போம். பால் பாட்டிலில் அந்த வசதி இல்லை. யோசித்துப் பாருங்கள்... டி.வி-யிலோ பத்திரிகையிலோ பால் பாட்டிலுக்கு எப்போதாவது விளம்பரம் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. 1992-ல் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, ‘இதை வாங்கினால் அது ஃப்ரீ’ கூடாது. பால் பவுடர் டப்பாவில் கொழுகொழு குழந்தை படம் போடுவதும் குற்றம். பவுடர் கம்பெனிகள் ஏழை நாடுகளில் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, 1981-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறை கொண்டு வந்தது. அதன் வழியாக வந்த சட்டம்தான் இது. நல்ல சட்டம். ஆனால், அதனால் என்னைப் போன்ற ஆசாமிகள் கடை வாசலில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நிற்க வேண்டியிருக்கிறது.

‘‘எந்த டைப் சார் வேணும்?’’ என்றான் கடைப் பையன். கண்ணாடி, பிளாஸ்டிக், ஸ்டீல் என்று வரிசையாக வைத்தான். கைப்பிடி வைத்தது, கழுத்து வளைந்தது, சூடானால் நிறம் மாறுவது... கடைசியில் ஒன்றை எடுத்து பயபக்தியோடு மேஜையில் வைத்தான். ‘‘இது காத்தே உள்ள போகாது சார். குழந்தைக்கு வயித்து வலியே வராது.’’ உள்ளே குழாய், வால்வு, வாஷர் என்று மொத்தம் ஏழு பாகம். விலை 740 ரூபாய். விலை அதிகமானால் பாசமும் அதிகம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கில் வாங்கி வந்துவிட்டேன்.

ராத்திரி அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவது என் டியூட்டி. ரேடியோ மெக்கானிக் மாதிரி உட்கார்ந்து செய்வேன். ரொம்பப் பெருமை எனக்கு!

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. மதியம் மாமியாரிடமிருந்து போன். ‘‘காலையிலேர்ந்து எட்டு வாட்டி போயிட்டா. தண்ணியா போகுது. கண்ணு உள்ள போன மாதிரி இருக்கு மாப்ள...’’

ஆட்டோவில் மூன்றரை மாதக் குழந்தை மடியில் துவண்டு கிடந்தது. அழக்கூட அதற்குத் தெம்பு இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

டாக்டரம்மா வயதானவர். குழந்தையைப் பார்த்தார். ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். 14 நாளுக்கு ஜிங்க் மருந்து எழுதினார். ‘‘தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, இப்பதான் அது ரொம்ப முக்கியம்’’ என்றார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார வைத்து, குழந்தை மூத்திரம் போன பிறகுதான் அவர் முகம் லேசாயிற்று. அப்புறம், ‘‘பாட்டில் கொண்டாந்தீங்களா?’’

கொடுத்தேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். வால்வுக்கு அடியில் இருந்த வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். பழைய பாலாடை, வெண்ணெய் நிறத்தில் ஒட்டிக்கொண்டு... அந்த நாற்றம்! அந்த வாஷரைக் கழற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

‘‘யார் கழுவறது?’’

‘‘நான்தான் டாக்டர்.’’

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ‘‘பாட்டில் வாங்கறப்ப ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கக் கலக்கத்துல, இதோட எல்லா மூலையும் என்னால கழுவ முடியுமா?’’ என்றார். நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நீள ரப்பர் குழாய் வைத்த பால் பாட்டில் அமோகமாக விற்றதாம். குழந்தை தானே குடித்துக்கொள்ளும், தூக்கிப் பிடிக்க வேண்டாம். குழாய்க்குள் கழுவ முடியாமல் கிருமி பெருகிக் குழந்தைகள் செத்துப் போயின. கடைசியில் ‘கொலைகார பாட்டில்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு அவரிடம் கேட்டதையும், அப்புறம் நானே தேடிப் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ்கார அப்பாக்களுக்கு உதவும்.

பாட்டில் தவிர்க்க முடியாது என்றால், வாய் அகலமானதாக, பாகம் குறைந்ததாக, உள்ளே மூலை முடுக்கு இல்லாததாக வாங்குங்கள். கண்ணாடி எத்தனை தடவை கொதிக்க வைத்தாலும் அசராது, கீறல் விழாது, அழுக்கு இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். கீழே போட்டால் மட்டும் கதை முடிந்தது. ஸ்டீல் உடையாது. ஆனால், உள்ளே பால் எவ்வளவு இருக்கிறது, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிளாஸ்டிக் என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், வாங்கலாம். உள்ளே கீறல் விழுந்தாலோ, மங்கிப் போனாலோ தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அந்தக் கீறல்தான் கிருமிக்கு வாடகை வீடு.

இன்னொன்று. ‘‘எங்க பையனோடது பரண்ல சும்மாத்தான் கெடக்கு’’ என்று அண்ணியோ அக்காவோ எடுத்துத் தருவார்கள். வேண்டாம். பழைய கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்கள் பல பாலிகார்பனேட். அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்கிற ரசாயனம் பாலில் கசியும். பால் பாட்டிலுக்கு அந்த பிளாஸ்டிக் கூடாது என்று 2015-ல் வந்த பி.ஐ.எஸ். தரநிலையே சொல்லிவிட்டது.

நிப்பிளில் ரெண்டு ஜாதி. பழுப்பாக இருப்பது ரப்பர். மெத்தென்று இருக்கும், சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும். கண்ணாடி போல இருப்பது சிலிகான்; வெந்நீருக்குத் தாங்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், குழாய் மாதிரி ஊற்றக் கூடாது. குழந்தை மெதுவாகக் குடிக்கிறதே என்று ஊசியைச் சூடாக்கி ஓட்டையைப் பெரிசாக்கும் புத்திசாலிகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. தடுத்து நிறுத்துங்கள், புரையேறிவிடும்!

கழுவுவதற்கு ஸ்டெரிலைசர் மெஷின் எல்லாம் அவசியமில்லை. முதலில் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லாப் பாகமும் முழுசாக முங்கும்படி பத்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். தேய்க்காமல் கொதிக்க வைத்தால் அழுக்கு வெந்து போகும், அவ்வளவுதான்.

பால் எடுக்கும் பம்ப்பில், ரப்பர் பந்தை அமுக்கும் ‘பாம் பாம்’ ஹாரன் மாதிரி ஒன்று மலிவாகக் கிடைக்கும். தொடாதீர்கள், பந்துக்குள் பால் போனால் கழுவ வழியே இல்லை. முழுசாகக் கழற்றிக் கழுவக்கூடிய கை பம்ப் போதும். எடுத்த பாலை ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வைத்தால் நாலு நாள் வரை இருக்கும். வெளியில் நாலு மணி நேரம் என்பார்கள். அது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, நம்மூர் மே மாதத்துக்கு அல்ல! சூடு காட்ட, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும். மைக்ரோவேவ் கூடாது. அங்கங்கே கொதித்து நாக்கு வெந்துவிடும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு வைக்கவும் கூடாது. என் மனைவி ஆபீஸ் ரிகார்ட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் எடுத்த பாலில் அரை அவுன்ஸ் கொட்டுவதென்றால் யாருக்குத்தான் மனசு வரும்? கொட்டத்தான் வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியாகக் கேட்டார்: ‘‘வீட்ல சங்கு இல்லையா?’’

எனக்குப் பின்னால் மாமியார் லேசாக இருமினார்.

‘‘குறை மாசத்துல பிறந்த குழந்தைங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே பாலாடையிலதான் கொடுக்கறோம். மூடி இல்லை, குழாய் இல்லை, ஓட்டை இல்லை. ஒரு விரல் விட்டுத் தேய்ச்சா முடிஞ்சது’’ என்றார். மாமியார் முகத்தில் வெற்றிப் புன்னகை. அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. ‘‘ஆனா, பாட்டி! கால் மேல மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடிச்சு ஊத்தற வேலையெல்லாம் கூடாது. சாய்ச்சு உக்கார வெச்சு, கடைவாயில கொஞ்சமா விடணும். முழுங்கின அப்புறம்தான் அடுத்தது. அழறப்ப ஊத்தவே கூடாது’’ என்று அவருக்கும் ஒரு டோஸ் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தோம். மூன்று சங்கில் வேலைப்பாடு இல்லாத வழவழ சங்கைத் தேர்ந்தெடுத்தோம். மற்ற ரெண்டிலும் பூவும் கொடியும். அழுக்கு உட்கார இடம்!

முதல் ரெண்டு நாள் பாதிப் பால் சட்டையில்தான் போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து குழந்தை நாக்கை நீட்டிக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் எடை ஏறியது. காலை முதல் வேளை மட்டும் இப்போது என் டியூட்டி. போன திங்கள்கிழமை எழுபது மில்லியையும் மடமடவென்று முடித்து, பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு, பத்து மில்லியை என் ஆபீஸ் சட்டையில் திருப்பிக் கொடுத்தாள். சட்டை மாற்றிக்கொண்டு போவதற்குள் பதினைந்து நிமிஷம் லேட்.

பக்கத்து ஸீட்காரர் என்னை மோந்து பார்த்துவிட்டு, ‘‘என்ன சார், காலங்காத்தாலயேவா?’’ என்றார்.