வினாகிரியில் அமிலம் எவ்வளவு?

அச்சாறு போட வாங்கிய வினாகிரியில் அமிலம் எவ்வளவு இருக்கிறது? வரிப்பத்தான்சேனையில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கலாம். அளவி, குழாயி, கூம்புக்குடுவை, செறிவு தெரிந்த சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், இரண்டு மூன்று துளி பினோத்தலீன் போதும். இந்தச் செய்முறைதான் நியமிப்பு.

1729இல் பிரான்சின் கிளோட் ஜோசப் ஜெப்ரி சோதித்ததும் வினாகிரியைத்தான். நுரைப்பது நிற்கும்வரை அதில் பொட்டாசியம் காபனேற்றுத் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டார். செலவான தூளின் அளவே அமிலத்தின் வலிமையைச் சொன்னது. இன்று தூளுக்குப் பதில் கரைசல், நுரைக்குப் பதில் நிறம்.

பிழை பெரும்பாலும் கழுவுவதிலேயே தொடங்கிவிடுகிறது. அளவியைக் காரக் கரைசலாலும் குழாயியை வினாகிரிக் கரைசலாலும் அலச வேண்டும். கூம்புக்குடுவைக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. அதையும் வினாகிரியால் அலசினால், அளந்து விட்டதைவிட அதிக அமிலம் உள்ளே போய்விடும். அளவியை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். திருகுபிடிக்குக் கீழே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது.

வினாகிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி, 25 மில்லிலீற்றரைக் குடுவையில் எடுத்து, பினோத்தலீன் துளிகளை விட்டு, அடியில் வெள்ளை ஓடு வையுங்கள். இடது கை திருகுபிடியில், வலது கை குடுவையைச் சுழற்றியபடி. காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறையும். மறையத் தாமதித்தால் முடிவு நெருங்கிவிட்டது. இனி ஒவ்வொரு துளியாகத்தான். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். கடும் சிவப்பானால் எல்லை தாண்டிவிட்டது, அந்த வாசிப்பை விட்டுவிடுங்கள். நேரம் சென்று நிறம் மங்கினால் பதற வேண்டாம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் வேலை அது.

0.1 மூலர் காரம் 16.70 மில்லிலீற்றர் செலவானால், ஐதாக்கிய கரைசல் 0.0668 மூலர், மூல வினாகிரி 0.668 மூலர். அசற்றிக் அமிலத்தின் மூலர்த் திணிவு 60 கிராம். ஆக, 100 மில்லிலீற்றர் வினாகிரியில் ஏறத்தாழ 4 கிராம் அமிலம்.

அந்த அமிலம் தென்னங்கள் புளித்து வந்ததா, தொழிற்சாலையில் செய்து நீரில் கலந்ததா என்பதை நியமிப்பு சொல்லாது. அதை அறிய வேறு சோதனைகள் வேண்டும்.