தாழ்ந்த நிலமும் உயர்ந்த வானமும்

"இயற்கைக் காட்சி ஒன்று வரைக" என்று ஓவியத் தேர்வில் கேட்டால் நாம் என்ன வரைகிறோம்? இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பகுதிகளில் வாழ்பவர்கள். நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இரட்டை மலையா தெரிகிறது? தட்டையான வயல், ஏரிக்கரை, பனைவரிசை, உப்பங்கழி, தொலைவில் ஆலையின் புகைபோக்கி, எல்லாவற்றுக்கும் மேலே எல்லையற்ற வானம். இதுவே நம் ஊர். ஆயினும் இதை நாம் வரைவதில்லை. 'உள்ளூர் மாடு விலை போகாது' என்னும் பழமொழி இங்கும் பொருந்துகிறது அன்றோ!

ஒரு காலத்தில் ஆங்கிலேயரிடமும் இந்த மனப்பான்மை இருந்தது. அங்கே செல்வர்கள் இத்தாலி நாட்டுக் காட்சிகளையே விரும்பி வாங்கினர். சொந்த ஊர் வயலும் ஓடையும் படத்துக்கு ஏற்றவை என்று அவர்களுக்கு உணர்த்தியதில் பெரும்பங்கு டச்சு ஓவியர்களுக்கு உண்டு. நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்தது இந்த டச்சுக்காரரைத்தான். அவர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். நம் கடற்கரையின் துணிகளை வாங்கிக் கப்பலேற்றினர். அடிமைகளையும் கப்பலேற்றினர் என்பது வேதனை தரும் வரலாறு. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஹாலந்து நாட்டில் மலை இல்லை. நிலத்தின் ஒரு பகுதி கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. கரை கட்டி, காற்றாலைகளால் நீரை இறைத்து, அந்த மக்கள் தம் வயல்களைப் பெற்றனர். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சீர்திருத்த சபை வலுப்பெற்றபின் ஆலயங்களில் திருவுருவப் படங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பீடங்களுக்குப் படம் எழுதி வாழ்ந்த ஓவியர்கள் வேறு ஆதரவைத் தேட வேண்டியதாயிற்று. வணிகத்தால் செழித்த குடும்பங்களோ தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டச் சிறு படங்களைக் கேட்டன. இவ்வாறு பாடுபட்டுப் பெற்ற நிலமே அவர்கள் விரும்பிய படமும் ஆயிற்று.

அவ்வோவியருள் தலைசிறந்தவர் யாக்கோப் வான் ரூயிஸ்டால் (இறப்பு 1682). ஹார்லெம் நகரைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் அவர் வரைந்த படங்கள் புகழ்பெற்றவை. அவற்றில் அடிவானம் மிகத் தாழ்ந்திருக்கும். நகரமும் ஆலயமும் கீழே ஒரு கோடுபோல் தெரியும். வயலில் வெளுக்க விரித்த துணிகள்மீது மேகங்களின் இடைவெளி வழியே வெயில் விழும். படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வானமே. தட்டையான நிலத்துக்கு அழகு தருவது அதன் மேலுள்ள வானமும் அது சிந்தும் ஒளியும் என்பதை இப்படங்களில் காண்கிறோம்.

இக்கலை இங்கிலாந்துக்குச் சென்ற கதையைச் சில சொற்களே கூறும். 'லேண்ட்ஸ்கேப்' என்னும் ஆங்கிலச் சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. 'ஸ்கெட்ச்' என்பதும் அப்படியே. ஓவியப் பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு 'ஈஸல்' என்று பெயர். டச்சு மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் கழுதை என்று பொருள்! பொறுமையாகச் சுமை தாங்குவதால் வந்த பெயர் போலும்.

ஓவியர்களும் நேரில் வந்தனர். வான் டெ வெல்டே என்னும் தந்தையும் மகனும் 1672-73-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறிக் கப்பல்களையும் கடலையும் அரசருக்காக வரைந்தனர். அவர்களிடமிருந்தே ஆங்கிலக் கடல் ஓவியம் வளர்ந்தது எனலாம். பின்னர் வந்த டர்னர், மகன் வான் டெ வெல்டேயின் படம் ஒன்றுக்கு இணையாக, புயலில் தத்தளிக்கும் டச்சுப் படகுகளை 1801-ல் தீட்டிப் புகழ்பெற்றார். கெயின்ஸ்பரோ இளமையில் ரூயிஸ்டாலைப் பார்த்து வரைந்தே மரங்களை எழுதப் பழகினார்.

கான்ஸ்டபிள் (1776-1837) கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர் தானிய வியாபாரியின் மகன். தந்தையின் மாவு ஆலை, ஓடை, படகு, மதகு ஆகியவையே அவர் உலகம். அவரும் ரூயிஸ்டாலின் படங்களைப் பிரதி எடுத்துப் பயின்றார். 1821, 1822-ஆம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் மேகங்களை மட்டுமே பல தாள்களில் வரைந்தார். அவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். ஆழமற்ற ஆற்றில் ஒரு வண்டி நிற்கும் அவருடைய படம், 1824-ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. உள்ளூர் மாடும் விலை போயிற்று!

இந்தியாவுக்கும் ஆங்கில ஓவியர்கள் வந்தனர். ஹாட்ஜஸ் 1780-ல் சென்னையில் இறங்கினார். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் தென்னாட்டைச் சுற்றி வரைந்தனர். அவர்கள் பெரும்பாலும் கோயில், கோட்டை, மலை, அருவி இவற்றையே நாடினர். ஏரிக்கரையும் உப்பங்கழியும் நமக்காகக் காத்திருக்கின்றன.

கெல்டிரியா கோட்டை இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைகளின் செதுக்குவேலை மட்டும் காண்போரைக் கவர்கிறது. நம் ஊரும் மாறி வருகிறது. தொழிற்பேட்டை நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆயினும் நேற்றைய வயல் இன்று மதிற்சுவராகிறது. முன்பு எங்கே எந்த வயல் இருந்தது என்று பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். அதைப் படமாகக் காட்ட முடிகிறதா? ஹாலந்தில் அன்றிருந்த காற்றாலைகளுள் பல இன்றில்லை. ஆனால் அவற்றைப் படத்தில் காண்கிறோம்.

ஆகவே, அன்புத் தோழியரே, இந்த விடுமுறையில் நாம் ஒன்று செய்வோம். தாளைக் கிடையாக வைத்து, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் அடிவானக் கோட்டை இடுவோம். மேலே உள்ள இடம் முழுவதையும் வானத்துக்கு விடுவோம். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வரைந்து, பின்புறத்தில் நாளும் நேரமும் ஊரும் எழுதி வைப்போம். பனைமரம் இருந்தால் பனைமரம், புகைபோக்கி இருந்தால் புகைபோக்கி. இரட்டை மலை சற்றே ஓய்வெடுக்கட்டும். இறைவன் நமக்குத் தந்த ஊரை முதலில் நாம் கண்திறந்து பார்ப்போம்.