15 மி.மீ. லென்ஸ்: யாருக்கு எது?
ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு மிக அகலமான லென்ஸ் கேட்பவர்களிடம் நான் சொல்வது, ஜப்பானின் கோசினா 1999-இல் கொண்டுவந்த ஃபோக்ட்லேண்டர் 15 மி.மீ. ஹீலியார். 110 டிகிரி பார்வை, உள்ளங்கைக்குள் அடங்கும். கேமராவின் ஜன்னலில் இத்தனை அகலம் தெரியாது. மேலே தனி வியூஃபைண்டர் செருக வேண்டும்.

அந்த முதல் லென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணையாது. தூரத்தை நீங்களே கணித்து வளையத்தைத் திருப்ப வேண்டும். தயங்காதீர்கள்: எஃப்/8-இல் ஒரு மீட்டருக்கு வைத்தால், ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவு. நெரிசலான சந்துகளில் ஃபோகஸ் பற்றிய நினைப்பே இல்லாமல் முகங்களைக் கவனிக்க முடிகிறதே, அதற்காகவே இதை நேசிக்கிறேன். கேமராவைச் சற்றுச் சாய்த்தாலும் கட்டடங்கள் சரியும், மட்டம் முக்கியம்.

டிஜிட்டலில் அந்த முதல் லென்ஸின் ஒளி சென்சாரின் ஓரங்களில் மிகச் சாய்வாக விழுவதால் ஊதா படரும். ஃபிலிமுக்கு முதல் லென்ஸே போதும். டிஜிட்டலுக்கு 2015-இன் மூன்றாம் பதிப்பையே வாங்குங்கள்.