சட்டையைக் கழற்றாத பையன்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க ஆசையாய் விரதம் இருந்தான் என் மகன். படிவம் 2 படிக்கிறான். தண்ணீர்மலைக்குப் புறப்படும் காலையில் மட்டும், சட்டையோடுதான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். மஞ்சள் வேட்டிக்கு மேல் டி-ஷர்ட்! அவன் அப்பா அதட்டியதும் கண் கலங்கிவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து ஃபெரிங்கி கடலிலும் ஒரு வருடமாக இவன் சட்டையோடுதான் இறங்குகிறான்.

அவன் நெஞ்சின் நடுவே ஒரு பள்ளம். சிறுவயதில் லேசாகத்தான் இருந்தது. உயரம் கூடக்கூட அதுவும் ஆழமானது. "கைக்குழந்தையில நல்லா எண்ணெய் தேய்ச்சு நீவி விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்பார் மாமியார். பல வருடங்களாக அந்தக் குற்றம் என் தலையில்தான்.

"நீவுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை." டாக்டர் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு அவர் படம் வரைந்து விளக்கினார். நெஞ்சுக்கூட்டில் 12 ஜோடி விலா எலும்புகள். (ஆணுக்கு ஒன்று குறைவு என்பது வெறும் கதை.) எல்லாமே முதுகெலும்பில் தொடங்குகின்றன. முன்பக்கத்தில் முதல் 7 ஜோடி, தனித்தனிக் குருத்தெலும்பு வழியாக நடு மார்பெலும்பில் சேரும். அடுத்த 3 ஜோடி தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு ஒட்டிக்கொள்ளும். கடைசி 2 ஜோடி எதிலும் சேராமல் பாதியிலேயே நின்றுவிடும். மூச்சை இழுக்கும்போது வாளியின் கைப்பிடி உயர்வதுபோல விலாக்கள் எழும்பி, கூடு விரிகிறது. அதற்கு வளைந்து இடம் கொடுப்பது குருத்தெலும்பு.

அந்தக் குருத்தெலும்பு சீராக வளராதபோது மார்பெலும்பு உள்ளே போனால் குழிந்த மார்பு. வெளியே துருத்தினால் புறா நெஞ்சு. குழிந்த மார்பு ஏறக்குறைய 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறதாம். ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம். பருவ வயதில் கிடுகிடுவென வளரும்போது பள்ளமும் ஆழமாகும்.

"மலையில் 513 படி ஏறினாயே, நண்பர்களைவிட உனக்கு அதிகமாக மூச்சு வாங்கியதா?" என்று அவனைக் கேட்டார். குனியச் சொல்லி முதுகெலும்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். விரல்களின் நீளத்தையும் கவனித்தார். ஒல்லியாக, நெடுநெடுவென, நீண்ட விரல்களோடு இருக்கும் சிலருக்கு மார்ஃபன் என்ற மரபுக் குறைபாடு இருக்கலாம். அது இதயத்தின் பெரிய ரத்தக்குழாயைப் பாதிக்கும் என்பதால் இந்தக் கவனம். எக்கோ எடுத்தோம். இதயம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

சிடி ஸ்கேனில் நெஞ்சின் உள் அகலத்தை ஆழத்தால் வகுப்பார்கள். சாதாரணமாக 2.5 அளவில் வரும். 3.25-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். முன்பு நெஞ்சைத் திறந்து குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். 1987-இல் டொனால்ட் நஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வேறு வழி கண்டார். விலாப்பக்கம் சிறிதாகக் கீறி, வளைந்த உலோகப் பட்டையை உள்ளே செலுத்தித் திருப்பினால், அது மார்பெலும்பைத் தூக்கிப் பிடிக்கும். சுமார் மூன்று வருடம் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள்.

என் மகனுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உடற்பயிற்சி பள்ளத்தை நிரப்பாது, ஆனால் கூனல் நிமிரும். (வெட்கத்தில் தோளைக் குறுக்கியே நடப்பவன் இவன்.) மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வரச் சொன்னார். கிளம்பும்போது, "இது குடும்பத்திலும் வரும். வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். இளவயதில் மாமனார் காவடி எடுத்த படம். வெற்று மார்பு. நடுவே அதே பள்ளம்.

மாமியாரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அவருக்கு அது எப்பவும் இருந்ததுதானே" என்றார்.

மகன் அந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறான். போன ஞாயிறும் டி-ஷர்ட்டோடுதான் கடலில் இறங்கினான்.