கையிருப்புக்கு ஏற்ற கணினி

ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பின்னின்றான் என்று நம் பாட்டிமார் சொல்வர். பெரியதொன்றுக்கு முழுப் பணத்தையும் ஈந்துவிட்டு, அதனை அடக்கியாளும் சிறியதொன்றுக்குக் கைபிசைந்து நிற்பவரைக் குறித்து எழுந்த பழமொழி இது. ஆனை வாங்குவோர் இன்று நம்மிடையே இலர். ஆயினும், பிள்ளைகளுக்குக் கணினி வாங்கும் பெற்றோர் பலர் இப்பழமொழிக்கு இலக்காவதை நாம் கண்டுவருகின்றோம்.

2024ஆம் ஆண்டிலே, உயர்தர வகுப்பிற் சேர்ந்த மாணவன் ஒருவன் தன் தாயாருடன் எம் இல்லத்துக்கு வந்தான். தாயார் தையற்றொழில் செய்து குடும்பம் நடத்துபவர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த ஒன்றரை இலட்சம் ரூபாவை அவர் ஒரு பழைய கடித உறையில் வைத்திருந்தார். "சேர், இதற்குமேல் ஒரு சதமும் என்னிடம் இல்லை. இது வீண்போகாமற் பார்த்துத் தாருங்கோ" என்றார். மகன் கையிலே கடையொன்றில் எழுதி வாங்கிய விலைப்பட்டியல் இருந்தது.

அதனைப் படித்ததும் எமக்கு அங்குசத்தின் நினைவே வந்தது. உயர்ந்த புரொசசர் ஒன்று. வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கேசிங் ஒன்று. பணத்தின் பெரும்பகுதி இவ்விரண்டிற் போய்விட்டது. ரேமோ 8 ஜிகாபைட் மட்டுமே. சேமிப்புக்குப் பழைய வகைச் சுழலும் வன்தட்டு. பவர் சப்ளைக்கு நேரே பெயருமில்லை, உத்தரவாதமுமில்லை. "500 வாற்று" என்ற ஒரு சொல்லே இருந்தது.

அந்தச் சொல்லைக் கண்டு நாம் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவனுக்கு, "பவர் சப்ளையிற் சிறிது மிச்சம் பிடிக்கலாம்" என ஆலோசனை கூறியவர் நாமே. ஒரு மாரிகால இரவில் மின்சாரம் போய்வந்தபோது அப்பெட்டி கருகியது. மதர்போர்ட்டும் வன்தட்டும் உடன் அழிந்தன. அவன் ஓராண்டாக எழுதிவைத்த குறிப்புக்கள் யாவும் போயின. அவன் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

ஆகவே இம்முறை பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, "தம்பி, இதனால் நீ செய்யப்போவது யாது?" என்று கேட்டோம். நிரல் எழுதுதல், பாடக் காணொளிகளைப் பார்த்தல், படங்களைத் திருத்துதல், ஓய்வு வேளையிற் சிறிது விளையாட்டு என்றான். தேவை தெளிவாயிற்று. திரை, விசைப்பலகை, யூ.பி.எஸ். ஆகியவற்றுக்கென 35,000 ரூபாவை முதலிலேயே ஒதுக்கினோம். எஞ்சியதை நூறு பங்காக எண்ணி, புரொசசருக்கு 32, மதர்போர்ட்டுக்கு 20, பவர் சப்ளைக்கு 15, ரேமுக்கு 12, சேமிப்புக்கு 12, கேசிங்குக்கு 9 எனப் பிரித்தோம். தனி வரைவியல் அட்டைக்கு ஒரு பங்கும் வைத்திலோம். பையனின் முகம் வாடியது.

அதன் காரணத்தை வாசகர்க்கும் விளக்குதல் தகும். திரையிற் படம் தோன்றுதற்கு வரைவியல் ஆற்றல் வேண்டும். சில புரொசசர்களில் அது உள்ளேயே அமைந்துள்ளது. 2021இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி அத்தகையது. ஆறு கருக்களைக் கொண்டது. 65 வாற்று அளவினது. அதனையே தேர்ந்தோம். அதே வரிசையில் 'ஜி' என்னும் எழுத்தில்லாத 5600க்கு அவ்வசதி இல்லை. இன்டெல் நிறுவனத்தின் புரொசசர்களில் 'எஃப்' என்று முடிவனவற்றுக்கும் இல்லை. எழுத்தைக் கவனியாது மலிவென்று வாங்குபவர், தனி அட்டையொன்று வாங்கும்வரை இருண்ட திரையையே பார்த்திருக்க நேரும். தமிழில் ஓரெழுத்து மாறினாற் பொருள் மாறுவதை வகுப்பிற் கற்பிக்கின்றோம். கணினிக் கடையிலும் அவ்விதி செல்லும்.

புரொசசரும் மதர்போர்ட்டும் மணமக்களைப் போலப் பொருத்தம் பார்த்தே இணைக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு புரொசசரும் தனக்குரிய சொக்கட்டில் மட்டுமே அமரும். மேற்கூறியதற்குரியது ஏ.எம்.4. 2022இல் வந்த ஏ.எம்.5 பலகையில் அது பொருந்தாது. அவ்வாறே டி.டி.ஆர்.4 ரேமும் டி.டி.ஆர்.5 ரேமும் வெட்டிடம் வேறுபட்டவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லாது.

ரேமை 16 ஜிகாபைட் ஒரே துண்டாக வாங்காது, எட்டு எட்டாக இரண்டு துண்டுகள் வாங்கினோம். இரண்டு துண்டுகள் உரிய இடங்களில் அமரும்போது தரவு இரு வழிகளில் ஒருங்கே செல்லும். தனி அட்டையில்லாத கணினி, படம் வரைவதற்கும் இந்த நினைவகத்தையே கடன் கொள்கின்றது. எனவே ஒற்றைத் துண்டு, ஒற்றைத் தடத்து ஒழுங்கையில் திருவிழாத் தேரை விட்டது போலாகும்.

சேமிப்புக்கு 500 ஜிகாபைட் கொண்ட என்.வி.எம்.ஈ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தேர்ந்தோம். சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறக்குறைய 150 மெகாபைட்டுக்களையே வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 வரை செல்லும், என்.வி.எம்.ஈ. வகையில் மூவாயிரத்தைக் கடப்பன பல. பழைய கணினியொன்று நத்தைபோல ஊர்கின்றதெனின், முழுவதையும் மாற்றாது வன்தட்டை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றிப் பார்த்தல் நன்று. வறிய மாணவர்க்கு இதனினும் மலிவான மருந்து இல்லை.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை, தெரிந்த உற்பத்தியாளரின் பெயரும் பல்லாண்டு உத்தரவாதமும் உள்ள 450 வாற்றுப் பெட்டி, பெயரற்ற 700 வாற்றுப் பெட்டியினும் மேலானது. '80 பிளஸ்' என்னும் முத்திரை, மின்சாரம் வீணாகாமையைக் காட்டுவதேயன்றி, காவலுக்குச் சான்றாகாது. மிகை மின்னோட்டத்தையும் குறுஞ்சுற்றையும் தடுக்கும் அமைப்பு உண்டா எனத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

பயன்படுத்திய கணினி வாங்குவோர்க்கும் ஒரு சொல். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கப் பொதுவாக எட்டாந் தலைமுறை இன்டெல் அல்லது 2000 வரிசை ரைசன் அளவிலாவது புரொசசர் இருத்தல் வேண்டும். அதற்கு முந்தியதாயின் உபுண்டு போன்ற இலவச இயங்குதளம் கைகொடுக்கும். விலைகளும் நிலையானவையல்ல. 2022இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360ஐக் கடந்தபோது கணினியின் விலை எங்ஙனம் ஏறியது என்பதை நாம் மறந்திலோம். 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கியமையால் ரேமின் விலை உயர்ந்தது. ஆதலின் எமது பங்கீட்டை வேதவாக்காகக் கொள்ளற்க. அன்றைய விலையை மூன்று கடைகளிலாவது கேட்டபின் கணக்கிடுக.

பாகங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, எமது சாப்பாட்டு மேசையிலே அவனே அவற்றைப் பூட்டினான். நாம் பக்கத்தில் மட்டும் இருந்தோம். பொத்தானை அழுத்தினான், விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. தாயார் எம் முகத்தைப் பார்த்தார். எமக்கோ பழைய இரவு நினைவுக்கு வந்து உள்ளங்கை வியர்த்தது. பையன் மின்னிணைப்பை அகற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ரேம் துண்டொன்று ஒரு முனையில் முழுதும் அமரவில்லை. 'டிக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்தினான். மறுமுறை திரை ஒளிர்ந்தது.

"விளக்கு மின்னாவிட்டாற் பரவாயில்லை, சேர். திறந்து பார்க்கத் தெரிந்துவிட்டது" என்றான். தாயார் உறையைத் திறந்து எண்ணினார். 2,300 ரூபா எஞ்சியிருந்தது. அதனை அவர் மகன் கையிற் கொடுக்கவில்லை. மடித்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வரவு செலவுப் பாடத்தில் அவருக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதை உணர்ந்தோம்.